தீவிலிருந்து கொண்டு வந்த படங்கள்

பிரயாணம் போய்த் திரும்பியவரைக் கண்டு அண்டை வீட்டார் சற்று ஒதுங்கிப் போவதற்கு ஒரு காரணம் உண்டு. போன இடத்தில் எடுத்த படங்களையெல்லாம் அவர் காட்டத் தொடங்கிவிடுவார். முற்காலத்தில் இந்த அபாயத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படங்களுக்கு மேல் எடுக்க முடியாது. அவற்றைக் கழுவி அச்சிடக் கைப்பணம் செலவாகும். ஆகவே மனிதர் யோசித்துத்தான் பொத்தானை அழுத்தினார். கைப்பேசி வந்தபின் அந்தத் தடை நீங்கிவிட்டது. சென்ற ஜனவரி மாதம் நானும் என் மனைவியும் மகளும் எட்டு நாள் அந்தமான் தீவுகளுக்குச் சென்று வந்தோம். வீடு திரும்பி எண்ணிப் பார்த்தபோது, மூவர் கைப்பேசிகளிலுமாகச் சேர்ந்து ஆயிரத்து நூறு படங்களுக்கு மேல் இருந்தன. அவற்றைப் பிறருக்குக் காட்டிய கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். தீவுகளைப் பற்றியும் இடையிடையே வரும். ஆனால் அது பிரயாணிகளுக்கான வழிகாட்டியாக இராது என்பதை முன்னதாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

நாங்கள் வசிப்பது கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டை அடுத்த ஒரு தெருவில். ஊருக்குப் பெயர் மாறியும் எங்கள் வாயில் அது கல்கத்தாவாகவே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் குடியிருக்கும் பகுதி அது. முருங்கைக்காயும் வாழைப்பூவும் காப்பிப் பொடியும் கிடைக்கும் என்பதற்காகவே டிராம் ஏறி வந்தோர் உண்டு. எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு குடித்தனங்கள். அவற்றில் ஏழு தமிழ்க் குடும்பங்கள், நான்கு வங்காளக் குடும்பங்கள், மற்றொன்று மார்வாரி வீடு. கல்கத்தாவாசிகளுக்கு அந்தமான் என்பது முற்றிலும் அந்நியமான பெயரன்று. கிதர்ப்பூர்த் துறையிலிருந்து அங்கே கப்பல் போகிறது. கடல் வழியே ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். சென்னையிலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரந்தான். கப்பலில் மூன்று நான்கு நாட்கள் ஆகும் இத்தூரத்தை விமானம் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. நாங்கள் விமானத்தில் போனோம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரத்தில் இறங்கி, அங்கிருந்து ராஸ் தீவு, ஹாவ்லாக் தீவு, பாராதாங் தீவு என்று சுற்றினோம். ராஸுக்கும் ஹாவ்லாக்குக்கும்கூட 2018 முதல் வேறு பெயர்கள். ஒன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, மற்றது சுவராஜ் தீவு. படகுக்காரர்கள் பழைய பெயரையும் புதிய பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். பிரயாணி இரண்டையும் கற்றுக்கொள்வது நல்லது.

திரும்பி வந்த மறு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் கூடினர். என் மனைவி சுண்டலும் காப்பியும் தயாரித்திருந்தாள். படங்களைத் தொலைக்காட்சித் திரையில் பெரிதாகக் காட்ட மகள் ஏற்பாடு செய்தாள். ஆயிரத்து நூற்றை நானூற்றுப் பன்னிரண்டாகக் குறைத்திருந்தேன். அது பெரிய தியாகம் என்று அப்போது எனக்கு எண்ணம்.

முதலில் கடல். ஹாவ்லாக்கின் மேற்குக் கரையிலுள்ள ராதாநகர்க் கடற்கரையில் சூரியன் மறையும் காட்சியை முப்பத்தெட்டு படங்களாக எடுத்திருந்தேன். ஜனவரியில் அங்கே ஐந்தேகால் மணி சுமாருக்கே சூரியன் இறங்கிவிடுகிறான். டெல்லியிலோ பம்பாயிலோ இருப்பவர்களுக்கு இது வியப்பாயிருக்கும். கிழக்குக் கோடியில் உள்ள எங்களுக்கு அது புதிதன்று. ஏழாவது படம் வரை எல்லோரும் "அழகு, அழகு" என்றனர். பத்தாவது படத்தில் ஒருவர் காப்பித் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினைந்தாவதில் மூன்றாம் மாடி மாமா, "சூரியன் இன்னும் விழவில்லையா?" என்று கேட்டார். ஒவ்வொரு படத்தையும் எடுத்தபோது எனக்கு இருந்த பரவசம் என் நெஞ்சில் இருந்தது, படத்தில் இல்லை. கால்களின் கீழ் மணல் நழுவியதும், உப்புக் காற்றும், பின்னால் நின்ற பெருமரங்களில் பறவைகள் அடையும் ஓசையும் எனக்குத்தானே தெரியும்? பார்ப்பவருக்கு இருந்ததெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம்.

கூட்டத்தை மீட்டவர் எங்கள் கட்டடத்துக் கணக்குப் பிள்ளை. அந்தமானில் நான் ஏறிய ஒரு குன்றிலிருந்து எடுத்த படம் வந்தபோது அவர், "இதை எங்கோ பார்த்திருக்கிறேனே" என்றார். அந்தமானுக்கு ஒருபோதும் போகாதவர் அவர். நான் சிரித்துக்கொண்டே, "உங்கள் பையில் இருந்தாலும் இருக்கும்" என்றேன். பணப்பையைத் துழாவிப் பழைய இருபது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தார். அதன் பின்புறத்தில் தென்னைகளுக்கிடையே கடலும் எதிர்க்கரையில் கலங்கரை விளக்கமும் தெரியும் காட்சி இருக்கிறதல்லவா? 2001 இல் வெளிவந்த அந்த நோட்டின் சித்திரம், ஹாரியட் குன்றுச் சாலையிலிருந்து வடக்கு விரிகுடாவைப் பார்க்கும் காட்சியேதான். 1891 ஆம் ஆண்டுப் போருக்குப் பின் மணிப்பூர் அரசர் குலச்சந்திரரும் அவரைச் சேர்ந்தோரும் நாடு கடத்தப்பட்டுச் சிறை வைக்கப்பட்ட குன்று அது. அதனால் 2021 முதல் மணிப்பூர் மலை என்று வழங்குகிறது. 2019 இல் வந்த புதிய இருபது ரூபாய் நோட்டில் எல்லோராக் குகை இடம்பெற்றுவிட்டது. ஆயினும் பழைய நோட்டு செல்லும். இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. அன்று அந்த ஒரே ஒரு நோட்டு இருபது பேர் கையிலும் சுற்றி வந்தது. சூரிய அஸ்தமனம் முப்பத்தெட்டுக்கும் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைத்தது. தம் கையில் ஏற்கெனவே இருந்த ஒன்றை என் படத்தோடு வைத்துப் பார்க்க முடிந்தது என்பதுதான் காரணம் என்று பிற்பாடு எண்ணினேன்.

அடுத்து நீருக்கடியில் எடுத்த பவளப் பாறைப் படங்கள். அவற்றைப் பற்றி என் மகள் பெருமை கொண்டிருந்தாள். நேரில் பல வண்ணமாய்த் தோன்றியவை, படத்தில் ஒரே நீலமும் பச்சையுமாக வந்திருந்தன. "நிறமெல்லாம் எங்கே போயிற்று?" என்று வங்காள வீட்டுச் சிறுமி கேட்டாள். சூரிய ஒளியிலுள்ள சிவப்பைக் கடல்நீர் முதல் சில மீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சிவிடுகிறது. பிறகு ஆரஞ்சும் மஞ்சளும் மங்குகின்றன. நீலமே நெடுந்தூரம் இறங்குகிறது. நம் கண் அதை ஓரளவு சரிக்கட்டிக்கொள்கிறது, காமிராவால் அவ்வளவு இயலுவதில்லை. இதைச் சொன்னபோது, படங்களில் வெள்ளை வெளேரென்று தெரிந்த சில திட்டுகளையும் அச்சிறுமி விரலால் சுட்டிக் கேட்டாள். அது காமிராவின் குற்றமன்று. பவளப் பூச்சியின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. உணவு ஊட்டுவதும் நிறம் தருவதும் அப்பாசியே. கடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் பூச்சி அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. சூடு நீடித்தால் மாண்டுவிடுகிறது. 2010 ஆம் ஆண்டுக் கோடையில் அந்தமான் பவளங்கள் இவ்வாறு பெரிய அளவில் வெளுத்தன. அதற்குப் பின்னும் கடல் சூடேறிய ஆண்டுகள் வந்திருக்கின்றன. என் மகள் அழகுக்காக எடுத்த படத்தில் நோயாளி ஒருவரும் இருந்தார் என்று அப்போதுதான் அறிந்தோம். கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டானாலும் அதை எடுத்து வரக் கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்து வாங்கி வைத்துவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரிடம் அப்படி வாங்கினார்கள்.

இந்தச் சமயத்தில் மேல்மாடிக் கல்லூரி மாணவன் ஒருவன், வெகுநேரமாக அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டான்: "ஜாரவா ஆதிவாசிகள் படம் இல்லையா, மாமா? அதைப் பார்க்கத்தானே வந்தேன்!"

இல்லை. பாராதாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கப் போகும் வழி, ஜாரவர் வாழும் காட்டின் ஊடே செல்கிறது. ஜிர்காதாங் என்னும் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி, குறித்த நேரத்தில் வரிசையாக, காவலுடன் அனுப்புகிறார்கள். இடையில் நிற்கக் கூடாது. கண்ணாடியை இறக்கக் கூடாது. படம் எடுக்கவே கூடாது. ஜாரவர் நானூறு பேர் அளவில் இருக்கிறார்கள். தொண்ணூறுகளின் இறுதி வரை அவர்கள் வெளியாரை அண்டவிடவில்லை. அம்புக்கு அஞ்சிய காலம் போய், சாலையோரத்துக்கு அவர்கள் வரத் தொடங்கியதும், 1999 இல் தட்டம்மை அவர்களிடையே பரவிற்று. சாலையின் அப்பகுதியை மூடும்படி 2002 இல் உச்ச நீதிமன்றம் கூறியது, சாலை மூடப்படவில்லை. உண்பொருளைக் காட்டி அப்பெண்களை ஆடச் சொல்லி எடுத்த சலனப்படம் ஒன்று 2012 இல் வெளியாகி உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டே 1956 ஆம் ஆண்டின் ஆதிவாசிகள் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

பையன் விடவில்லை. "சட்டம் கிடக்கட்டும், ஒரு படம் எடுத்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?" என்றான்.

அவன் கேட்டது கல்கத்தாவில் என்பதால், கல்கத்தாவில் நடந்த ஒன்றையே பதிலாகச் சொன்னேன். 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைத்து வைக்க ஓர் இடம் தேடி, அவ்வாண்டின் இறுதியில் டாக்டர் மௌவட் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை ஆங்கில அரசு அந்தமானுக்கு அனுப்பிற்று. அக்குழுவில் ஒரு புகைப்படக்காரரும் சென்றார். கரையில் மூண்ட ஒரு மோதலில் தீவுவாசி ஒருவர் பிடிபட்டார். அவருடைய பெயரை யாரும் கேட்டறியவில்லை. ஜாக் என்று தாங்களே ஒரு பெயரைச் சூட்டி, 1858 இல் அவரைக் கப்பலேற்றி இந்நகருக்குக் கொண்டு வந்தார்கள். இங்கே அவரைப் படம் பிடித்தார்கள். இந்நகரத்தின் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. பிழைக்கமாட்டார் என்று அஞ்சித் திரும்பக் கொண்டுபோய்த் தீவுக் கரையில் விட்டார்கள். அதற்குப் பின் அவருடைய கதை நமக்குத் தெரியாது. படம் மட்டும் இருக்கிறது. அதே ஆண்டில் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் தொடங்கியபோது, அவரைப் போன்ற பேரந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தனர். 1877 இல் தட்டம்மை வந்தது. வேறு நோய்களும் வந்தன. 1890-களில் போர்ட்மன் என்ற அதிகாரி, பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அம்மக்களை வரிசை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார். அப்போதே அவர்கள் வெகுவாகக் குறைந்து போயிருந்தனர். இன்று எஞ்சியிருப்போர் சில பத்துப் பேர். படம் எடுத்ததால் அவர்கள் அழிந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படம் எடுக்கப் போனவர்களோடு என்னென்ன கூடப் போயின என்பதைச் சொன்னேன். பையன் ஒன்றும் பேசவில்லை. சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தான்.

பிறருக்கு இவ்வளவு உபதேசம் செய்த எனக்கு அடுத்த கால் மணி நேரத்திலேயே தக்க மருந்து கிடைத்தது.

செல்லுலார் சிறைப் படங்கள் வந்தன. 1896 இல் தொடங்கி 1906 இல் முடிந்த கட்டடம் அது. நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஏழு கிளைகள். மொத்தம் அறுநூற்றுத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தனியறைகள். ஒரு கிளையின் அறைவாயில்கள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தவாறு அமைத்திருக்கிறார்கள்; எந்தக் கைதியும் மற்றொரு கைதியின் முகத்தைக் காணக் கூடாது என்பதே நோக்கம். இப்போது எஞ்சியிருப்பவை மூன்று கிளைகளே. 1979 இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. நடுக்கோபுரத்தில், அங்கே சிறையிருந்தவர்களின் பெயர்களைச் சலவைக் கற்களில் மாகாண வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். வங்காளத்தின் பட்டியல் மிக நீளமானது. அதன் முன்னால் நாங்கள் மூவரும் நின்று, அங்கே இருந்த ஒரு பிரயாணியிடம் கைப்பேசியைக் கொடுத்து எடுத்துக்கொண்ட படம் திரையில் வந்தது. மூவரும் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கீழ்வீட்டு வங்காளப் பெரியவர் மெல்ல எழுந்து திரையருகே வந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "சற்றுப் பெரிதாக்க முடியுமா? என் பாட்டனாரின் தமையனார் பெயர் அதில் இருக்க வேண்டும்" என்றார். மகள் பெரிதாக்கினாள். அகர வரிசையில் அவர்கள் குடும்பப் பெயர் தொடங்கும் இடம் தெரிந்தது. அதற்குக் கீழே, அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், என் தலை இருந்தது. இடம் வலமாகத் திரையை நகர்த்திப் பார்த்தோம். வேறு படங்களைத் தேடினோம். எல்லாவற்றிலும் நாங்களே நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பெரியவர் சிரித்துவிட்டு, "பரவாயில்லை, பூஜை விடுமுறையில் நானே போய்ப் பார்க்கிறேன்" என்று கூறி அமர்ந்தார். முப்பது ஆண்டுகளாகத் தினந்தோறும் மாடிப்படியில் சந்திக்கும் மனிதர். புறப்படுவதற்கு முன் "அந்தமானுக்குப் போகிறோம், உங்களுக்கு அங்கே ஏதேனும் உண்டா?" என்று நான் அவரைக் கேட்டிருக்கலாம்.

மணி எட்டரை ஆயிற்று. பாதிப் பேர் கலைந்தனர். படங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனோம். ராஸ் தீவில் பழைய ஆங்கிலேயர் மாளிகைகளை ஆலமர வேர்கள் கவ்விக்கொண்டு நிற்பதும், அங்கே உலாவும் மான்களும், சாத்தம் தீவில் 1883 முதல் நடந்துவரும் அரசாங்க மர ஆலையும் வந்து போயின. பிறகு ஒரு கடைத்தெரு வந்தது. போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில், பெரிய தமிழ் எழுத்துப் பலகையுடன் ஒரு பலசரக்குக் கடை. வெளியூரில் தமிழ் எழுத்தைக் கண்டதும் படமெடுப்பது நம்மைப் போன்றவர்களைப் பிடித்த ஒரு வியாதி. நேயர்களில் பலருக்கும் இது இருக்கும். மகள், "இதெல்லாம் எதற்கு, அப்பா?" என்று அடுத்த படத்துக்குப் போக விரலை எடுத்தாள்.

"நிறுத்து" என்று ஒரு குரல் கேட்டது.

நான்காம் மாடி மாமியின் குரல். எண்பத்திரண்டு வயது. முதல் நாற்காலியில் அமர்ந்து, நானூறு படங்களையும் ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்தவர் அவர் ஒருவர்தாம். "அபர்தீன் பஜாரா அது?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், மாமி?" என்றேன்.

"என் அண்ணா அங்கேதான் இருந்தார்" என்றார்.

அவருடைய தமையனார் கும்பகோணத்திலிருந்து 1957 இல் சென்னை சென்று கப்பலேறியவர். சாத்தம் மர ஆலையில் குமாஸ்தா வேலை. அந்தமான் என்றாலே சிறைச்சாலை என்று எண்ணிய தாயார், புறப்பட்ட அன்று முழுவதும் அடுப்பு மூட்டவில்லையாம். கப்பல் வரும்போதெல்லாம் கடிதம் வரும். ஒருமுறை ஒரு புகைப்படமும் வந்தது. மாமி மறுநாள் அதைக் கொண்டு வந்து காட்டினார். முழுக்கைச் சட்டை அணிந்த மெலிந்த இளைஞர் ஒருவர், ஒரு முக்காலியில் கை ஊன்றி நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஸ்டூடியோவின் திரைச்சீலை. அதில் தென்னை மரமும் அலையும் பாய்மரப் படகும் வரைந்த சித்திரம். நாலெட்டு நடந்தால் மெய்யான கடலும் மெய்யான தென்னையும் இருக்கும் ஊரில், காசு கொடுத்துச் சித்திரக் கடலின் முன் நின்றிருக்கிறார்! எங்கள் மகள் சிரித்தாள். மாமியும் சிரித்தார். "அம்மாவுக்குக் கடல் என்றால் பயம். அதனால், 'பின்னால் இருப்பது துணிதான், அம்மாவிடம் சொல்லு' என்று எனக்கு எழுதியிருந்தார்" என்றார். படத்தின் பின்புறம் மங்கிய ஊதா மையில் ஸ்டூடியோவின் முத்திரை; அபர்தீன் பஜார், போர்ட் பிளேர் என்று படிக்க முடிந்தது.

1971 இல் தாயார் காலமானார். தந்தி போயிற்று. கப்பல் கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் பதின்மூன்றாம் நாளும் கழிந்துவிட்டது. "வாசலில் வந்து நின்றார். தீவுக்காரனுக்குத் தாய் எதற்கு என்று கேட்டேன். கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். அன்று சாயங்காலமே போய்விட்டார். பிறகு கடிதம் இல்லை" என்றார் மாமி. நானும் மனைவியும் என்ன சொல்வதென்று அறியாமல் இருந்தோம். "அப்பொழுது எனக்கு இருபத்தெட்டு வயது" என்று மட்டும் பிறகு சேர்த்துச் சொன்னார். முகவரி தெரிந்தும் எழுதத் துணிவு வராமல் பத்து வருஷம். பிறகு முகவரியே சரியாயிருக்குமோ என்ற ஐயத்தில் நாற்பது வருஷம். நாங்கள் அந்தமானில் இருந்த எட்டு நாளில் மூன்று நாள் போர்ட் பிளேரில்தான் இருந்தோம். அபர்தீன் பஜார் வழியாகத் தினமும் போய் வந்தோம். சாத்தம் ஆலையில் ஒரு மணி நேரம் நின்று மரத்துண்டுகளைப் படமெடுத்தோம்.

"முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, மாமி?" என்று மனைவி கேட்டாள்.

"போகப் போகிறீர்கள் என்று யார் என்னிடம் சொன்னார்கள்?" என்றார்.

உண்மை. விமானச் சீட்டு வாங்கியதை நாங்கள் அலுவலகத்தாருக்குச் சொன்னோம், கட்டடத்தில் சொல்லவில்லை. ஒருகால் பால் வாங்கி வைக்கும்படி எதிர்வீட்டில் சொல்லியிருப்போம்.

என் மகளுக்குத்தான் வழி தோன்றிற்று. வேண்டாமென்று அவள் தள்ள இருந்த அதே கடைப் படத்தைப் பெரிதாக்கினாள். பலகையின் கீழ்மூலையில் தொலைபேசி எண் இருந்தது. ஒரு இலக்கத்தைக் கம்பி நிழல் மறைத்ததால் மூன்று முறை தவறான இடத்துக்குப் போய், நான்காம் முறை கடைக்காரர் கிடைத்தார். இராமநாதபுரம் ஜில்லாப் பேச்சு. கதையைக் கேட்டுவிட்டு, "நான் இங்கே வந்தது எண்பத்தாறில், ஐயா. எனக்குத் தெரிய நியாயமில்லை. படத்தை அனுப்புங்கள். வெற்றிமலை முருகன் கோயிலுக்கு வரும் பெரியவர்களிடம் காட்டுகிறேன்" என்றார். 2011 ஆம் ஆண்டுக் கணக்குப்படி அத்தீவுகளில் ஏழு பேரில் ஒருவருக்குத் தமிழ் தாய்மொழி, ஐம்பத்தேழாயிரத்துக்கு மேல். அதில் ஒருவரைத் தேடுவது எளிதன்று. ஆனாலும் அவர் அலுத்துக்கொள்ளவில்லை. மாமியின் படத்தைப் படமெடுத்து அன்றிரவே அனுப்பினோம்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. முதலில் ஒரு படம்: கைப்பேசிகள் விற்கும் ஒரு சிறு கடை. அந்த ஸ்டூடியோ இருந்த இடம் அதுதான் என்றும், மூடிப் பல வருஷமாயிற்று என்றும் கடைக்காரர் எழுதியிருந்தார். பிறகு ஒரு செய்தி. கோயிலுக்கு வரும் முதியவர் ஒருவர், சாத்தம் ஆலையில் 'கும்பகோணத்தார்' என்று ஒருவரை அழைப்பார்கள் என்று சொன்னாராம், ஓய்வு பெற்றபின் அவர் மத்திய அந்தமானில் ரங்கத்துக்குக் குடிபோய்விட்டதாக நினைவாம், பிள்ளைகள் இருந்தார்களாம். அவரேதானா என்பது நிச்சயமில்லை. ரங்கத்தில் தமக்குச் சரக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், விசாரிக்கிறேன் என்று முடித்திருந்தார்.

அந்தக் கைப்பேசிக் கடைப் படத்தை மாமி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ராதாநகர்க் கடற்கரையின் முப்பத்தெட்டு அஸ்தமனங்களையும் சேர்த்து அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அண்ணா இருந்தால் அவருக்கு இப்போது தொண்ணூற்றொரு வயது. இருக்கிறாரா என்பதை நாங்கள் பேசவில்லை.

ரங்கத்திலிருந்து இன்னும் செய்தி வரவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை மாமி நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். விலாசம் கிடைத்ததும் அனுப்புவதற்குத் தம்மை ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அங்கே உட்காருங்கள் என்று மகள் சொன்னாள். மாமி கேட்கவில்லை. நாற்காலியைத் தாமே இழுத்துத் தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கடல் படம் ஒன்று வைத்திருக்கிறாயே, தென்னை மரம் தெரிகிற மாதிரி, அதைப் பின்னால் போடு" என்றார்.